வெள்ளிக்கிழமை காரும் என் சார்ஜரும்

மூன்றாம் வகுப்பைக்கூட நான் முழுதாக முடிக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் கண்டுபிடித்ததுபோலப் பேசக்கூடாது. அந்தப் படிப்பை வைத்துக்கொண்டு நான் செய்தவற்றைக் கேளுங்கள். சைக்கிள் ரிம்மையும் தையல் மிஷின் கைப்பிடியையும் சேர்த்து மோட்டார் காயில் சுற்றும் மிஷின் செய்தேன். ஓடாத ஸ்கூட்டரின் இன்ஜினைக் கழற்றி உப்பளத்துக்குத் தண்ணீர் இறைக்கும் பம்பு செய்தேன். அது ஏழு கோடை ஓடியது. விசைப்படகில் வலை இழுத்துக் களைத்த வின்ச் ஒன்றை வாங்கி, லாரி இன்ஜினைத் தூக்கும் கருவியாக மாற்றினேன். தருவைகுளத்திலிருந்து ஒரு பை ஸ்பானரும் இரண்டு வேட்டியுமாகக் கிளம்பியவன், சாகுபுரத்துக்கு இந்தப் பக்கம் ரோட்டோரமாக ஓலைக் கொட்டகை போட்டேன். கடன் கேட்டுப் போன இடத்தில் ஓர் அதிகாரி என் கையெழுத்தைப் பார்த்துச் சிரித்தார். மழை வெள்ளத்தில் ஒரு தடவை கொட்டகையே மிதந்துபோனது. போகட்டும் என்று அதே இடத்தில் காங்கிரீட் போட்டேன். நீலக் கதவு வைத்தேன். மாடியில் வீடு கட்டினேன். இதில் எதற்கும் யாரும் எனக்கு வரைபடம் போட்டுத் தரவில்லை.

ஆனால் இவை எல்லாவற்றிலும் பெரிது நான் கட்டிய பேட்டரி சார்ஜர்.

பார்வைக்கு அது அழகில்லை. துறைமுகத்தில் கழித்துப் போட்ட சாமான்களோடு ஏலத்தில் வந்த இரும்புப் பெட்டி ஒன்று. அதற்குள், எரிந்துபோன வெல்டிங் செட்டின் தகடுகளை அடுக்கி நானே கம்பி சுற்றிய டிரான்ஸ்ஃபார்மர். சுற்றுக் கணக்குத் தவறினால் எல்லாம் போச்சு. அதனால் நூறு சுற்றுக்கு ஒரு புளியங்கொட்டை என்று கிண்ணத்தில் போட்டுக்கொண்டே சுற்றினேன். இடையில் யாராவது பேச வந்தால் கையைக் காட்டித் துரத்தினேன். கரண்டை ஒரே பக்கமாகத் திருப்பிவிடும் டயோடுகள் சூடாகும், அவற்றைப் பொருத்த அலுமினியத் தகடு வேண்டும். என் மனைவியின் இட்லிச் சட்டி மூடி சரியான கனத்தில் இருந்தது. அந்த மூடியைப் பற்றிய பேச்சு எங்கள் வீட்டில் இன்றுவரை நிற்கவில்லை. பெட்டியின் முகப்பில் லாரியிலிருந்து கழற்றிய ஆம்பியர் மீட்டரை வைத்தேன். பேட்டரிக்குள் எவ்வளவு கரண்ட் போகிறது என்பதை அதன் முள் சொல்லும். முள் ஆடினால் பேட்டரி குடிக்கிறது, அவ்வளவுதான் விஷயம்.

அந்த சார்ஜர் எத்தனை லாரியை, எத்தனை வள்ளத்து இன்ஜினை எழுப்பியிருக்கும் என்று எனக்கே தெரியாது. ஒருநாளும் அது என்னைத் தலைகுனிய விட்டதில்லை. ஒரே ஒரு நாளைத் தவிர. அந்த நாளைத்தான் சொல்ல வந்தேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஒன்பது ஒன்பதரை இருக்கும். கடை வாசலில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. காயல்பட்டினத்து அம்மா ஒருவர் இறங்கினார். முப்பத்தைந்து வயது இருக்கலாம். தலையை மூடிய துணியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் ஆட்டோக்காரருக்கு உத்தரவு போட்டார். பிளாஸ்டிக் அன்னக்கூடை ஒன்றை ஆட்டோக்காரர் முக்கி முனகி இறக்கினார். உள்ளே கார் பேட்டரி.

"அண்ணாச்சி, பேட்டரிக்குச் சார்ஜ் போடுத கடை இதுதான?"

"பலகையில எழுதியிருக்கே தாயி."

"பலகையில உப்புக் காத்து பட்டு எழுத்தெல்லாம் போயிட்டு அண்ணாச்சி. நீலக் கதவப் பாத்துத்தான் வந்தேன்."

வந்தவுடனேயே ஒரு குத்து. சரி என்று பேட்டரியைத் தூக்கி மேசையில் வைத்தேன். நல்ல பேட்டரிதான். மூடி திறந்து தண்ணீர் ஊற்றுகிற வகை. மேலே வெள்ளைப் பெயிண்டில் யாரோ வாங்கிய தேதியை அழகாக எழுதி, பக்கத்தில் கையெழுத்தும் போட்டிருந்தார்கள். மீட்டரை வைத்துப் பார்த்தேன். பன்னிரண்டுக்கு மேல் காட்டவேண்டிய இடத்தில் நாலு வோல்ட் காட்டியது.

"இது படுத்து ரொம்ப நாளாச்சே. புதுசு ஒண்ணு வாங்கிரலாமே தாயி."

"அது மட்டும் சொல்லாதிய அண்ணாச்சி. நாளான்னைக்குக் காலம்பற இந்தப் பேட்டரிதான் அந்த வண்டிய ஸ்டார்ட் பண்ணணும். இதேதான்."

ஏன் என்று கேட்டேன். ஆட்டோக்காரரை அனுப்பிவிட்டு, ஸ்டூலில் உட்கார்ந்து சொன்னார்.

அவருடைய கணவருக்கு வளைகுடாவில் வேலை. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வருவார். அந்த ஊரில் மாப்பிள்ளைதான் பெண்வீட்டோடு வந்து இருப்பது வழக்கம், ஆகவே அவர் ஆசையாக வாங்கிய காரும் மாமியார் வீட்டு முற்றத்தில் நிற்கிறது. விமானம் ஏறும்போது அவர் மனைவியிடம் சொல்லிவிட்டுப் போனது ஒன்றே ஒன்று: வண்டியைச் சும்மா போட்டுவிடாதே, வாரம் ஒருதடவை ஸ்டார்ட் செய். ஜும்மா தொழுகை முடிந்ததும் வெள்ளிக்கிழமைதோறும் அங்கிருந்து போன் வரும். இந்த அம்மா இன்ஜினை ஓடவிட்டு, போனை பானட்டுக்கு அருகில் பிடிப்பார். அவர் ஒரு நிமிஷம் காது கொடுத்துக் கேட்பார். பிறகு, "அல்ஹம்துலில்லாஹ், நல்லா இருக்கு, நிப்பாட்டிரு" என்பார்.

நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். "ஒரு நிமிசந்தானா?"

"ஒரு நிமிசம் கேட்டாப் போதும்பாஹ. பெட்ரோல் வீணாப் போவுமாம்."

வெளிநாட்டில் ஆள் இருக்கும் வீடுகளில் இதே தவறை நான் நாலைந்து இடத்தில் பார்த்திருக்கிறேன். அக்கறையால் செய்கிற தவறு. இன்ஜினை ஒருமுறை எழுப்பப் பேட்டரி ஒரு குடம் தண்ணீரைக் கொட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்ஜின் கால் மணி, அரை மணி ஓடினால்தான் அந்தக் குடம் மறுபடி நிறையும். ஒரு நிமிஷத்தில் நிறுத்தினால் ஒரு டம்ளர்தான் திரும்பும். வாரம் ஒரு குடம் போய், ஒரு டம்ளர் வந்தால் எந்தக் கிணறு தாங்கும்? காரை அவர்கள் பார்த்துக்கொண்டார்கள். பார்த்துக்கொண்டே சாகடித்துவிட்டார்கள்.

"சரி, எப்பம் நின்னுச்சு?"

"ரெண்டு மாசமாச்சு அண்ணாச்சி."

"பெறவு வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை எதக் கேட்டாரு?"

அவர் ரோட்டைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், குரலைத் தாழ்த்தினார். "அதுக்கு முந்தி ஒரு வெள்ளிக்கிழமை கலியாணத்துக்குப் போவவேண்டி இருந்திச்சி. போன் வரும்போது வீட்டுல இருக்க மாட்டோமேன்னு, வண்டிச் சத்தத்த எங்க உம்மா போன்ல ரெக்கார்டு பண்ணி வச்சேன். வண்டி நின்ன பெறவு, அதையே போட்டுக் காட்டிட்டேன்."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"சிரிக்காதிய அண்ணாச்சி! வியாழக்கிழமை காலம்பற வாராஹ. வந்தா வீட்டுக்குள்ளகூட நொழைய மாட்டாஹ, பானட்டத் தெறந்து அவுஹ எழுதுன தேதியத்தான் பாப்பாஹ. புதுப் பேட்டரி இருந்தா, ரெண்டு மாசமா நான் எதக் கேட்டேன்னு கேப்பாஹ. நான் என்ன சொல்லுவேன்? பதினோரு வருசத்துல அவுஹகிட்ட நான் சொன்ன ஒரே பொய் இது."

"ஒண்ணுதானே தாயி."

"ஒண்ணுதான். எட்டு தடவ."

அவர் கண் கலங்கியிருந்ததை அப்போதுதான் பார்த்தேன். சிரிப்பை விழுங்கிவிட்டு, "கவலப்படாதிய. இது நம்ம கையால கட்டுன சார்ஜர். செத்தவனையும் எழுப்பிக் காப்பி குடிக்க வைக்கும்" என்றேன்.

"முள்ளு ஆடுதத என் கண்ணால பாத்துட்டுத்தான் போவேன்" என்று அவர் ஸ்டூலை விட்டு எழவில்லை.

பேட்டரியின் ஆறு மூடிகளையும் திறந்தேன். தகடுகள் வறண்டு தெரிந்தன. சுத்தத் தண்ணீர் ஊற்றி நிரப்பினேன். சிவப்பு கிளிப்பை ஒரு முனையிலும் கறுப்பு கிளிப்பை மறுமுனையிலும் மாட்டி, சுவிட்சைப் போட்டேன். சார்ஜர் வழக்கம்போல 'ம்ம்ம்' என்று முனகியது. முள் ஆடவில்லை.

பேட்டரி முனைகளில் வெள்ளையாகப் பூத்திருந்தது. சோடா உப்பைச் சுடுதண்ணீரில் கரைத்துக் கழுவினேன், உப்புத்தாளால் தேய்த்தேன். மறுபடி மாட்டினேன். முனகல் வந்தது, முள் அசையவில்லை. ஒவ்வொரு அறையாக ஆசிட்டைக் கண்ணாடிக் குழாயில் உறிஞ்சிப் பார்த்தேன், எல்லா அறையும் பலவீனம். பேட்டரியை லேசாகத் தட்டிப் பார்த்தேன், பிறகு சற்றுப் பலமாகவும் தட்டினேன். இப்படியே ஒரு மணி நேரம் போய்விட்டது. கடைசியில் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னேன்.

"தாயி, பேட்டரி போச்சு. உள்ள தகடு உறைஞ்சுட்டு. கரண்ட வாங்க மாட்டேங்குது."

அவர் எழுந்தார். அன்னக்கூடைக்குள் கிடந்த சாக்கை எடுத்து நான்காக மடித்தார். பிரித்தார். மறுபடி நான்காக மடித்தார். "சரி அண்ணாச்சி" என்றார். அழுதிருந்தால்கூட எனக்கு அவ்வளவு சங்கடமாக இருந்திருக்காது.

அந்த நேரம் பார்த்து என் மருமகன் வந்து சேர்ந்தார். துறைமுகத்தில் பெரிய கிரேன்களுக்கு மின்சார வேலை பார்ப்பவர், டிப்ளமோ படித்தவர். செவ்வாய்க்கிழமை அவருக்கு லீவு, எங்கள் வீட்டில் சாப்பாடு. போன பொங்கலுக்கு எனக்கு ஒரு புதுவகை சார்ஜர் வாங்கித் தந்திருந்தார். உள்ளங்கை அகலம், பச்சை விளக்கு, எண் காட்டும் கண்ணாடி. அதை நான் அட்டைப் பெட்டியைவிட்டு எடுத்ததே இல்லை. விஷயத்தைக் கேட்டதும் அவர் அதை எடுத்து மாட்டினார். அது 'கீச்' என்று மூன்று தடவை கத்தி, கண்ணாடியில் 'எர்ரர்' என்று காட்டிவிட்டுப் படுத்துக்கொண்டது.

"மாப்ள, ஒங்க பிள்ளைக்கு என்ன செய்யுது?"

"ரொம்ப இறங்குன பேட்டரின்னா இது வேண்டாம்னு சொல்லிரும் மாமா. கம்பெனிக்காரன் அப்படித்தான் செஞ்சிருக்கான்."

"சாப்பாடு இருக்குத வீட்டுலதான் சாப்பிடுவேம்பாரு போல" என்றார் அந்த அம்மா.

மருமகன் சிரித்துக்கொண்டே பெரிய சார்ஜரைப் பார்த்தார். தலையைச் சொறிந்தார். "மாமா, கோவப்படக்கூடாது. ஒங்க சார்ஜரச் சோதிச்சிட்டியளா?"

"அத எதுக்குச் சோதிக்க? அது நான் கட்டுனதுல்லா?"

"அதனாலதான் மாமா கேக்கேன்."

நான் சார்ஜரைத் துணியால் துடைத்தேன். அந்த அம்மா மெதுவாகச் சொன்னார்: "எந்தத் தாயும் தன் பிள்ளையத் திருடன்னு சொல்ல மாட்டா அண்ணாச்சி. பிள்ளையோட பைய மட்டும் ஒருதடவ பாத்திரலாமே."

இரண்டு பேரும் சேர்ந்துகொண்டார்கள். சரி, பார்த்துவிடுவோம் என்று என் சொந்த வேனை முன்னால் கொண்டுவந்தேன். அதன் பேட்டரி நல்ல பேட்டரி, எல்லாருக்கும் தெரியும். நிறைந்த பேட்டரி கரண்டை அதிகம் வாங்காது, அதனால் ஹெட்லைட்டை எரியவிட்டு அதைச் சற்றே பசிக்கவைத்தேன். பிறகு சார்ஜரை மாட்டினேன். நல்ல சார்ஜராக இருந்தால் முள் துள்ளவேண்டும்.

முள் செத்த மீன் கண் மாதிரி நின்றது.

என் காது சூடாகிவிட்டது. ஒரு மணி நேரமாக அந்தப் பேட்டரியைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்திவைத்திருந்தேன். குற்றம் என் வீட்டில் இருந்திருக்கிறது. யார் கேட்டாலும் சொல்வேன், அன்று நான் செய்த தவறு அது ஒன்றுதான்: எல்லாப் பொருளையும் சந்தேகப்பட்டேன், நான் செய்த பொருளைத் தவிர.

ஆனால் அந்த அம்மா முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப என் பேட்டரி சாவலையா?"

"இன்னும் சாவல தாயி. டாக்டர்தான் படுத்துட்டாரு."

மருமகன் தன் மீட்டரை எடுத்து சார்ஜரின் இரண்டு கிளிப்பிலும் வைத்தார். பன்னிரண்டுக்கு மேல் காட்டியது. அவர் புருவத்தைத் தூக்கினார். "வோல்ட்டு வருதே மாமா. சார்ஜர் நல்லாத்தான இருக்கு?"

இந்த இடத்தில்தான் என் தொழில் என்னைக் காப்பாற்றியது. படித்தவர்கள் மீட்டரை நம்புவார்கள். நான் பல்பை நம்புவேன். மேசை இழுப்பறையிலிருந்து ஒரு கார் இன்டிகேட்டர் பல்பை எடுத்தேன், இரண்டு கம்பி பற்றவைத்தது. "மாப்ள, மூட்டையப் பாத்து எடை சொல்லுதவன் வேற, தோள்ல தூக்கிப் பாத்துச் சொல்லுதவன் வேற. ஒங்க மீட்டர் பாக்கும். இது தூக்கும்" என்று பல்பை இரண்டு கிளிப்புக்கும் நடுவே வைத்தேன்.

பளிச்சென்று எரியவேண்டிய பல்பு உள்ளே சிவப்பு நூல்போல மினுங்கியது. மருமகன் குனிந்து பார்த்தார். அவருடைய மீட்டரை அப்போது மறுபடி வைத்துப் பார்த்தால், இரண்டு வோல்ட்கூட இல்லை. சும்மா இருக்கும்போது வீராப்பு, சுமையைக் கொடுத்ததும் காலை மடக்கிவிட்டது.

"எங்கனயோ வழியில தடுக்கு" என்றார் மருமகன்.

"எங்கனன்னு இந்தப் பல்பே சொல்லும்."

பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பெட்டியின் ஆணிகளைக் கழற்றினேன். மூடியைத் தூக்கும் நேரத்தில் என் மனைவி டீயோடு மாடியிலிருந்து இறங்கி வந்தாள். உள்ளே எட்டிப் பார்த்தவள் டீயைக் கீழே வைக்க மறந்துவிட்டாள்.

"எம் மூடி!"

"ஏளா, அது இப்பம் மூடி இல்ல. டயோடு தகடு."

"எத்தன வருசமாத் தட்ட வச்சு மூடி இட்லி அவிக்கேன். பாருங்கம்மா, மனுசன் வச்சிருக்க லெச்சணத்த!"

"பத்திரமாத்தான் வச்சிருக்காஹ அக்கா, துருவே பிடிக்கல" என்றார் அந்த அம்மா. அலுமினியம் எங்கே துருப்பிடிக்கும்? ஆனாலும் எனக்கு ஆதரவாக ஒருத்தர் பேசினாரே என்று சந்தோஷமாக இருந்தது.

பிளக்கை மாட்டி, பல்பின் கம்பியை முதலில் டயோடுகளின் வாயிலேயே வைத்தேன். பளீரென்று எரிந்தது. அப்படியானால் டிரான்ஸ்ஃபார்மரும் டயோடுகளும் நலம். புளியங்கொட்டை வைத்து எண்ணியது வீண்போகவில்லை. அடுத்து, ஆம்பியர் மீட்டருக்கு அப்பால் வைத்தேன். அங்கும் வெளிச்சம். பெட்டியைவிட்டு வயர் வெளியே வருகிற இடத்தில் வைத்தேன். வெளிச்சம். வயரின் கடைசியில், கிளிப்பில் வைத்தேன். சிவப்பு நூல்.

"வயருலதான்" என்று மூன்று பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். என் மனைவி உட்பட.

சிவப்பு கிளிப்பின் ரப்பர் உறையை உருவினேன். உள்ளேயிருந்து பச்சை நிறத்தில் பொடியாகக் கொட்டியது. செம்புக் கம்பி முழுவதையும் உப்புக்காற்று தின்றிருந்தது. நாற்பது ஐம்பது இழை இருந்த கம்பியில் ஒரே ஒரு இழை கிளிப்பைத் தொட்டுக்கொண்டு இருந்தது. அந்த ஓர் இழை மீட்டருக்குப் போதும், பேட்டரிக்குப் போதாது. எங்கள் பகுதியில் ஜன்னல் கம்பியை, பூட்டை, சைக்கிள் செயினை உப்பு தின்பதை எல்லாரும் பார்த்திருக்கிறோம். ரப்பருக்குள் புகுந்து, வெளியே தெரியாமல் தின்னும் என்பதை அன்றுதான் நேரில் பார்த்தேன். உப்பளத்துக் காற்று வருகிற ஜன்னல் பக்கமாக நான்தான் சார்ஜரை மாட்டிவைத்திருந்தேன். இதைச் சொல்லாமலும் விட்டிருக்கலாம். சொல்லிவிட்டேன்.

கெட்ட இடத்தை வெட்டினேன். உள்ளே செம்பு கறுத்திருந்தது. இன்னும் ஒரு சாண் வெட்டினேன், அங்கும் கறுப்பு. மருமகன் பிடித்துக்கொள்ள, மூன்றாவது சாணில்தான் புதுக்காசு போலப் பளபளப்பு வந்தது. அந்த இடத்தில் புதுக் கிளிப் வைத்துப் பற்றவைத்தேன். கறுப்பு கிளிப்புக்கும் அதே வைத்தியம். பல்பை வைத்தேன். கண் கூசியது.

பிறகு அந்த அம்மாவின் பேட்டரியை மாட்டினேன். நாலு பேரும் அந்த மீட்டரையே பார்த்தோம். முதலில் ஒன்றுமில்லை. பிறகு முள், தலைமுடி கனத்துக்கு, இடத்தைவிட்டு நகர்ந்தது.

"ஆடுது!" என்று அந்த அம்மா எழுந்து நின்றுவிட்டார். "அண்ணாச்சி, ஆடுது!"

"நீங்க மேசையப் பிடிச்சு ஆட்டாதிய. அதுவா ஆடுதான்னு பாப்போம்."

அதுவாகத்தான் ஆடியது. ரொம்ப நாள் பட்டினி கிடந்த பேட்டரி எடுத்ததும் வயிறு நிறையச் சாப்பிடாது. கஞ்சி குடிப்பதுபோலச் சொட்டுச்சொட்டாகத்தான் வாங்கும். புதுவகை சார்ஜருக்கு அந்தப் பொறுமை இல்லை. என்னுடையதற்கு உண்டு. அதற்கு யோசிக்கத் தெரியாது, தள்ளத்தான் தெரியும். மத்தியானத்துக்குள் முள் கால்வாசி ஏறியது. சாயங்காலத்துக்குள் பாதியைத் தாண்டியது. மறுநாள் காலை ஐந்து அறைகளில் குமிழி வந்தது. ஆறாவது அறை மட்டும் பிடிவாதம் பிடித்தது. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் அதுவும் கொதிக்கிறது. கழற்றி இரண்டு மணி நேரம் சும்மா வைத்தேன். உடனே பார்த்தால் எந்தப் பேட்டரியும் பெருமையடிக்கும்; ஆறவிட்டுப் பார்த்தால்தான் உண்மை தெரியும். பன்னிரண்டரை வோல்ட் இருந்தது. நின்றது.

புதன்கிழமை நாலு மணிக்கு நானே வேனில் கொண்டுபோனேன். முற்றத்தில் வெள்ளைக் கார், போர்வை போர்த்தி, குளித்த குழந்தை மாதிரி நின்றது. பேட்டரியை மாட்டினேன். அந்த அம்மா உள்ளே உட்கார்ந்து, உதடு அசைய ஏதோ ஓதிவிட்டுச் சாவியைத் திருப்பினார்.

இன்ஜின் 'கிர்ர்... கிர்ர்...' என்று இழுத்து நின்றுவிட்டது. அவர் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். "இன்னொரு தடவ" என்று விரலைக் காட்டினேன். இரண்டாவது திருப்பில் கார் இருமியது, குலுங்கியது, பிடித்துக்கொண்டது. வீட்டுக்குள்ளிருந்து அவருடைய உம்மா "மாஷா அல்லாஹ்!" என்று சத்தம் போட்டது தெரு முழுக்கக் கேட்டிருக்கும். அந்த அம்மா இறங்கி வந்து பானட்டின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார், காய்ச்சல் பார்ப்பதுபோல.

"அரை மணி நேரம் ஓடட்டும். இனிமே ஒரு நிமிசக் கச்சேரி கெடையாது" என்றேன்.

"சத்தியமாக் கெடையாது அண்ணாச்சி. இத யாருகிட்டயும் சொல்லிராதிய."

"நான் ஏன் சொல்லப்போறேன்?" என்றேன். அப்போது அதை மனதாரத்தான் சொன்னேன்.

வியாழன் போனது, வெள்ளி போனது. சனிக்கிழமை அதே வெள்ளைக் கார் என் கடை வாசலில் வந்து நின்றது. ஓட்டி வந்தவர் உயரமான மனிதர், சிரித்த முகம். பக்கத்து இருக்கையில் அந்த அம்மா தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். அந்த மனிதர் இறங்கி நேரே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணாச்சி, இந்த வண்டியக் கெளப்பிவிட்டது நீங்கதானா?"

நான் அந்த அம்மாவைப் பார்த்தேன். அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். அழுகை என்று நினைத்தேன், பார்த்தால் சிரிப்பு.

"எல்லாம் இவுஹளுக்கு முந்தியே தெரியுமாம் அண்ணாச்சி!"

"எப்படி?" என்றேன்.

"ஆடு" என்றார் கணவர். "இவ போட்ட சத்தத்துல, இன்ஜின் பிடிச்ச உடனே பக்கத்து வீட்டு ஆடு ரெண்டு தடவ கத்தும். மொதல்ல நான் கண்டுக்கல. ஆடுன்னா கத்தத்தான செய்யும்? பெறவு ஹஜ்ஜுப் பெருநாள் வந்திச்சி. அந்த ஆட்ட அறுத்துக் குர்பானி குடுத்தாச்சின்னு பக்கத்து வீட்டுக்காரரே எனக்குப் போட்டோ அனுப்புனாரு. அடுத்த வெள்ளிக்கிழமை போன் போடுதேன், இன்ஜின் பிடிக்குது, அந்த ஆடு அதே இடத்துல ரெண்டு தடவ கத்துது!"

என் மனைவி மாடிப்படியில் உட்கார்ந்தே விட்டாள். நான் சிரித்த சிரிப்பில் இடுப்பு பிடித்துக்கொண்டது.

"பெறவு ஏன் கேக்கல?"

அவர் தன் மனைவியைப் பார்த்தார். "எம் மனசு கஷ்டப்படக்கூடாதுன்னு இவ இம்புட்டுப் பாடுபடுதாளேன்னு இருந்திச்சி அண்ணாச்சி. அதுக்குப் பெறவு வாராவாரம் அந்த ஆட்டக் கேக்கத்தான் போன் போட்டேன். வண்டி செத்துக் கெடக்குன்னு நெனச்சு அங்கருந்து ஜம்பர் கேபிள்லாம் வாங்கிட்டு வந்தேன். வந்து இவ மொகத்தப் பாத்துக்கிட்டே சாவியத் திருப்புனேன். ஒரே திருப்பு, பிடிச்சிட்டு! ஆடு கத்தல. நான்தான் முழிச்சேன்."

"அப்பம் இவ ஒங்கள ஏமாத்தல. நீங்கதான் இவள இத்தன வாரமா ஏமாத்தியிருக்கிய" என்றாள் என் மனைவி. அந்த அம்மா அப்போதுதான் வாய்விட்டுச் சிரித்தார். காரிலிருந்து ஒரு தட்டு நிறைய தம்மடை வந்தது. ரவையும் முட்டையும் போட்டு அவர்கள் ஊரில் செய்கிற கேக். மருமகனுக்கு ஒரு துண்டு எடுத்துவைத்தோம், மீதியை நானே பார்த்துக்கொண்டேன்.

இத்தோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்கவே மாட்டேன்.

சில மாதம் கழித்து காயல்பட்டினத்தில் ஒரு கல்யாண விருந்துக்கு என்னை அழைத்திருந்தார்கள். ஒரே தாலத்தைச் சுற்றி உட்கார்ந்து சேர்ந்து சாப்பிடுவது அங்கே வழக்கம். என் பக்கத்தில் உட்கார்ந்தவர் முன்பின் தெரியாதவர். சோற்றைப் பிசைந்துகொண்டே என்னிடம், "ஒரு வேடிக்க கேட்டியளா அண்ணாச்சி? எங்க ஊருல குர்பானி குடுத்த ஆடு போன்ல கத்துன கத?" என்று ஆரம்பித்தார். முழுக் கதையும் சொன்னார். ஆடு வந்தது. ரெக்கார்டு வந்தது. அந்த அம்மாவின் சாமர்த்தியம், அவர் கணவரின் காது, ஜம்பர் கேபிள் எல்லாம் வந்தது. நான் காத்துக்கொண்டே இருந்தேன்.

"சரி, செத்த வண்டி எப்படிப் பிடிச்சிச்சி?" என்று நானே கேட்டேன்.

"அதுவா? பேட்டரிய எங்கயோ குடுத்து யாரோ சரிபண்ணிட்டாங்களாம்" என்று சொல்லிவிட்டு அவர் கறியைத் தேடினார்.

எங்கேயோ! யாரோ! ஆட்டுக்கு அந்தக் கதையில் இடம் இருக்கிறது, எனக்கு இல்லை. துறைமுகத்தில் போய் விசாரித்தால் அங்கே வேறு கதை. கிரேன் பிரிவில் என் மருமகன், "சார்ஜரச் சோதிக்கணும்னு நான்தான் கண்டுபிடிச்சேன்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறாராம். சொன்னது உண்மை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவர் மீட்டர் 'நல்லாயிருக்கு' என்று சொன்ன சார்ஜரில் நோய் எங்கே என்று காட்டியது யாருடைய பல்பு? மூன்று சாண் வயரை வெட்டி, பளபளக்கிற செம்பு வரும்வரை விடாமல் போனது யாருடைய கை? ஆறாவது அறை கொதிக்கும்வரை காத்திருந்தது யார்?

அதனால் இதன் மூலம் கேட்டுக்கொள்கிறேன். கேட்டுக்கொள்கிறேன் என்ன, சொல்கிறேன். அந்தக் கதையை இனிமேல் யார் எங்கே சொன்னாலும், விருந்திலோ வாட்ஸ்அப்பிலோ விமானத்திலோ, ஆட்டைச் சொல்லுங்கள், அந்த அம்மாவைச் சொல்லுங்கள், அவர் கணவரைச் சொல்லுங்கள். என் மருமகனுக்கும் ஒரு வரி கொடுங்கள், ஒன்றுக்கு மேல் வேண்டாம். ஆனால் வண்டி பிடித்த இடம் வரும்போது கொஞ்சம் நிறுத்துங்கள். செத்த பேட்டரியையும், அதை எழுப்பவேண்டிய சார்ஜரையும் இரண்டே நாளில் பிழைக்கவைத்தவர், மூன்றாம் வகுப்பு முடிக்காத, சாகுபுரத்து ரோட்டில் கடை வைத்திருக்கும் ஒரு பெரியவர் என்று தெளிவாகச் சொல்லுங்கள். பெயர் வேண்டாம். 'யாரோ' என்பது மட்டும் கூடாது.